சண்டைத் தண்ணீர்

மேடவாக்கத்துக்கு அந்தப் பக்கம், ஒரு காலத்தில் ஏரியாக இருந்து பிறகு மனைகளாகி பிறகு மாடிகளாகிவிட்ட இடத்தில், கங்கோத்ரி என்று பேர் வைத்த அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று இருந்தது. பேரில் தவிர வேறெங்கும் அதில் தண்ணீர் இல்லாமல் போன ஒரு கோடையில், மூன்றாவது மாடியில் தனியாகக் குடியிருந்த பவளக்கொடியின் வீட்டில், அடுப்படி மேடைக்குக் கீழே அரிசி டின்னுக்குப் பக்கத்தில் அவள் வைத்திருந்த கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கத்திலிருந்து, இணையக் கம்பி நுழைகிற ஓட்டை வழியாக, ஒரு காலை வேளையில் தண்ணீர் வர ஆரம்பித்தது.

பவளக்கொடி பகலெல்லாம் ஒரு கம்பெனியில், மற்றவர்கள் எழுதிய நிரல்கள் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தாள். வீட்டுக்கு வந்தபிறகு அதே வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்தாள். ஏனென்றால் அந்தப் பெட்டிக்குள் ஓர் ஊர் இருந்தது. முதலாளி என்று யாரும் இல்லாத, யார் வேண்டுமானாலும் தன் வீட்டில் ஒரு பெட்டியை வைத்து ஊர் உண்டாக்கிக்கொள்ளலாம் என்கிற, ஓர் ஊர் இன்னோர் ஊரோடு பேசவும் பிடிக்காவிட்டால் கதவைச் சாத்திக்கொள்ளவும் வசதியுள்ள 'பரவல்' என்னும் வலையில், அவள் உண்டாக்கிய ஊருக்குச் சுமைதாங்கி என்று பேர். பெரிய பெரிய கம்பெனிகளின் தளங்களிலிருந்து விடுதலை வாங்கிக்கொண்டு வந்த தமிழ் நிரலாளர்கள் பலரும் அங்கே குடியேறியிருந்தார்கள். விடுதலை வாங்கிய களைப்பு தீர்ந்ததும் அவர்கள் வாதாட ஆரம்பித்தார்கள், அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை. எதில் தட்டச்சுவது, எப்படிச் சேமிப்பது, எண்ணிக்கையைப் பூஜ்யத்தில் தொடங்குவதா ஒன்றில் தொடங்குவதா, பிடித்திருக்கிறது என்பதற்கு இதயம் போடுவதா நட்சத்திரம் போடுவதா என்று அவர்கள் வாதாடிக்கொண்டே இருக்க, அவர்கள் கீழே விழாமல் பெட்டியைத் தூசி தட்டி, நிறைந்துபோன வட்டைக் காலி செய்து, மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவைத்து, யார் என்ன குறை சொன்னாலும் "பார்க்கிறேன் தோழர்" என்று மட்டும் எழுதுகிறவளாகக் கொடி இருந்தாள்.

அன்று காலை அடுப்படித் தரை ஈரமாக இருந்ததைப் பார்த்து முதலில் குழாயைச் சந்தேகப்பட்டாள். குழாயில் காற்றுகூட வராத காலம் அது. குனிந்து பார்த்தாள், விரலை வைத்து நக்கிப் பார்த்தாள், பெட்டிக்கு அடியில் ஒரு வாளியை நகர்த்தி வைத்தாள். பெட்டி வழக்கம்போல் முனகிக்கொண்டு ஓடியது. வாளி நிறைந்ததும், கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறவளும் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளருமான எஸ்தர் ராணியிடம் போய்ச் சொன்னாள்.

"அக்கா, என் கம்ப்யூட்டர்ல தண்ணி வருது."

எஸ்தர் ராணி, லாரிக்காரனோடு போனில் பேசிக்கொண்டிருந்தவள், போனைக் காதிலிருந்து எடுக்காமலே கேட்டாள்.

"நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?"

"நல்ல தண்ணி."

"எத்தனை மணிக்கு வரும்?"

அவ்வளவுதான் கேட்டாள். மத்தியானத்துக்குள் படிக்கட்டு முழுக்கக் குடங்கள் வரிசையாக நின்றன.

பெட்டிக்குள் இருந்தவர்களுக்கும் சொல்ல வேண்டும் அல்லவா? "தோழர்களே, நம் பெட்டியிலிருந்து தண்ணீர் வருகிறது. குடிக்க நன்றாக இருக்கிறது" என்று கொடி எழுதினாள். அவர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை, ஆச்சரியப்படுவது அனுபவமில்லாதவர்களின் வேலை என்று அவர்கள் நினைத்தார்கள். ஒருவர் எந்தப் பதிப்பு என்று கேட்டார். ஒருவர் தன் வீட்டுப் பெட்டியில் வரவில்லை என்றும் ஆகவே இது கொடியின் அமைப்பில் உள்ள கோளாறு என்றும் சொன்னார். ஒருவர் இதே குறை ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்று சொல்லி, பதிவை மூடினார். ஒருவர், தண்ணீர் ஒரே வீட்டில் மட்டும் வருவது மையப்படுத்தல் அல்லவா, எந்தக் கொடுமையை எதிர்த்து நாம் இங்கே வந்தோமோ அதே கொடுமை அல்லவா என்று பல பாகங்களாக எழுதினார். இன்னொருவர் தண்ணீருக்கு என்ன உரிமம் என்று கேட்டார். அந்தத் தண்ணீரில் ஒருவர் டீ போட்டால் அது தழுவல் படைப்பு ஆகிவிடும் என்றும், அப்படியானால் அந்த டீயையும் அதே உரிமத்தின் கீழ் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்றும் அவர் சொல்ல, கொடுக்க வேண்டியதில்லை என்று சிலர் எழும்ப, அன்றைக்கு மாலைவரை தண்ணீர் பெட்டியிலிருந்து கையளவு பருமனாகக் கொட்டியது.

தண்ணீர் எதனால் வருகிறது என்று முதலில் கண்டுபிடித்தது எஸ்தர் ராணிதான். குடத்துக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மேடைமேல் திறந்திருந்த திரையையும் கீழே விழுகிற தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்.

"கொடி, இவனுங்க சண்டை போட்டா வருது. சமாதானமானா நின்னுடுது."

அதற்குப் பிறகு கங்கோத்ரிக்காரர்கள் சண்டைகளைத் தரம் பிரிக்கக் கற்றுக்கொண்டார்கள். தட்டச்சுக் கருவி பற்றிய சண்டையில் வருகிற தண்ணீர் கொஞ்சம் கடுசு, துணி துவைக்க ஆகும், பருப்பு வேகாது. தேர்தல் பற்றிய சண்டையில் வெந்நீர் வரும், குளிர்காலமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று பெண்கள் சொன்னார்கள். ஒருமுறை இட ஒதுக்கீடு பற்றிப் பேச்சு வந்து, தகுதி தகுதி என்று சிலர் எழுத ஆரம்பித்தபோது, கருப்பாகச் சாக்கடை வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லோரும் வாளிகளைக் கவிழ்த்தார்கள், கொடி அந்த உரையாடலை மூடி, தரையை ஃபினாயில் விட்டுக் கழுவினாள், அடுப்படியில் அந்த நாற்றம் ரொம்ப நாள் இருந்தது. ஒருவரை ஒருவர் வாழ்த்திக்கொண்டால் காற்று வரும். ஆனால் சொல்லைப் பற்றிய சண்டை, ஓர் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் எது சரி என்கிற சண்டை மூண்டுவிட்டால், குளிர்ந்து, தெளிந்து, தொண்டையில் இறங்கும்போது தித்திக்கிற தண்ணீர் வந்தது. அந்தச் சண்டையில் ஜெயசீலனையும் திருமேனியையும் மிஞ்ச ஆள் இல்லை.

ஜெயசீலன் நாகர்கோவில்காரர், திருமேனி கோயம்புத்தூர்க்காரர். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை, போனில்கூடப் பேசியதில்லை, ஆனால் வருஷக்கணக்காக விடிந்ததும் ஒருவர் முகத்தில்தான் இன்னொருவர் விழித்தார்கள். சர்வர் என்பதற்குத் தமிழ் என்ன என்பதுதான் அவர்கள் சண்டை.

"வழங்குவதால் அது வழங்கி. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய அறிவு தேவையில்லை" என்று எழுதுவார் ஜெயசீலன்.

"வழங்குகிறவன் வள்ளல். இது கேட்டதைச் செய்கிறது. ஆகவே சேவையகம். அகராதி வாங்கப் பணம் வேண்டுமானால் அனுப்புகிறேன்" என்று எழுதுவார் திருமேனி.

படிக்கட்டில் குடத்தோடு நிற்கிறவர்கள், காய்கறி விலை கேட்பதுபோல், "இன்னைக்கு வழங்கி முன்னாடி இருக்கா, சேவையகமா?" என்று மேலே கத்திக் கேட்பார்கள். ஏ பிளாக்கில் வழங்கி கட்சியும் பி பிளாக்கில் சேவையகக் கட்சியும் உண்டாயின. யாரும் எதற்காகவும் அந்தச் சொற்களைப் பயன்படுத்தியதில்லை, ஆனால் அதற்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் இருந்தன. பாங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு தம்பதி, நாமே சண்டை போட்டால் என்ன என்று சுமைதாங்கியில் கணக்குத் தொடங்கி, ஆளுக்கோர் அறையில் உட்கார்ந்து வழங்கி, சேவையகம் என்று எழுதிப் பார்த்தார்கள். பெட்டி இருமியது. நடித்தால் வராது, உண்மையாகக் கோபம் வர வேண்டும் என்று எஸ்தர் ராணி சொன்னாள். அவர்களுக்கு உண்மையாகவே கோபம் வந்தது, ஆனால் அது அந்த அம்மாவின் தம்பி கல்யாணத்தில் நடந்த வேறு ஒரு விஷயத்துக்காக, அதனால் பெட்டிக்கு ஒன்றும் தோன்றவில்லை.

தங்கள் சண்டையை ஜனங்கள் குடிக்கிறார்கள் என்பது உறுதியானதும் நிரலாளர்களுக்குள் இரண்டு வகை நோய் பரவியது. சிலருக்குத் தலை கனத்தது, தங்கள் பேருக்குப் பக்கத்தில் நீர்த்துளிப் படம் போட்டுக்கொண்டு, தாகத்தில் இருக்கும் மக்களுக்காக இன்று ஒரு கருத்து என்று தொடங்கி எழுதினார்கள். அதில் ஈரமே இல்லை. மற்றவர்களுக்கு மனசாட்சி வந்தது. நம் உழைப்பை ஒரு குடியிருப்பு சுரண்டுகிறது என்றார்கள், கோபத்தை ஊக்குவிப்பது ஆரோக்கியமல்ல என்றார்கள், நன்னடத்தைக் குழு ஒன்றை அமைத்தார்கள். நன்னடத்தை விதிகளில் 'கூடாது' என்று போடுவதா 'தவிர்க்கவும்' என்று போடுவதா என்பதில் குழு உடைந்து, ஒட்டி, மறுபடி உடைந்த நாட்களில் கங்கோத்ரியில் ஜனங்கள் தலைக்குக் குளித்தார்கள். ஆனால் விதிகள் ஒருவழியாக எழுதி முடிந்தன, அதற்குப் பிறகு எல்லோரும் "பணிவுடன் மாறுபடுகிறேன்" என்று தொடங்கி, "உங்கள் பார்வையையும் மதிக்கிறேன்" என்று முடித்தார்கள். பெட்டி சொட்டியது.

ஜெயசீலனும் திருமேனியும் விதிகளைப் படிக்கவில்லை. தண்ணீர் கதையையும் அவர்கள் நம்பவில்லை, சேவையகக் கட்சிக்காரர்களின் புளுகு என்று ஜெயசீலனும், வழங்கி கட்சிக்காரர்களின் விளம்பரம் என்று திருமேனியும் நினைத்தார்கள். அதனால் அவர்கள் கோபம் கெடாமல் இருந்தது. மே மாதம் பிறந்து, லாரிகள் அந்தத் தெருவையே மறந்துபோய், பக்கத்துக் கட்டடத்துக்காரர்களில் சிலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு சொந்த ஊருக்குக் கிளம்பிய நாட்களில், கங்கோத்ரி முழுக்க இந்த இரண்டு பேரின் வாயை நம்பிப் பிழைத்தது.

அப்படி இருக்கும்போது திருமேனி எழுதுவதை நிறுத்தினார்.

ஜெயசீலன் காலையில் "வழங்கி" என்று ஒற்றைச் சொல் எழுதினார், பதில் இல்லை. "சேவையகம் என்கிறவர்கள் எங்கே ஓடினார்கள்?" என்றார், பதில் இல்லை. திருமேனி முன்பு எழுதிய பழைய கட்டுரையைத் தோண்டி எடுத்து அதில் ஒற்றுப்பிழை காட்டினார், அதற்கும் பதில் இல்லை. அவருக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டி முழுசாக வறண்டது. எஸ்தர் ராணி காப்பகத்தின் கதவில், தண்ணீர் இல்லாததால் மறு அறிவிப்பு வரும்வரை விடுமுறை என்று எழுதி ஒட்டினாள். பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போகிற தாய்மார்கள் அந்த அறிவிப்பின் முன்னால் நின்று, இடுப்பில் பிள்ளையோடு ஆபீசுக்குப் போன் போட்டு, குரலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி லீவு கேட்டார்கள்.

"அந்த கோயம்புத்தூர்க்காரனுக்கு என்னாச்சுன்னு கேளு" என்றாள் எஸ்தர் ராணி.

கொடி போன் செய்தாள். ஊரை நடத்துகிறவள் என்பதால் எண் அவளிடம் இருந்தது, அதுவரை யாரோடும் அவள் பேசியதில்லை.

"நான் சுமைதாங்கி பவளக்கொடி பேசறேங்க."

"சொல்லுங்க தோழர். பெட்டி விழுந்திருச்சுங்களா?"

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. நீங்க எப்படி இருக்கீங்க?"

அந்தப் பக்கத்தில் காக்கைச் சத்தமும், தூரத்தில் பஸ் ஹாரனும் கேட்டன.

"வேலை போயிருச்சுங்க" என்றார் திருமேனி. "ஒரு மீட்டிங்குனு கூப்பிட்டாங்க. போயி உக்காந்தா, அந்த ஹெச்.ஆர். பொண்ணு பேசி முடிக்கறதுக்குள்ள என்ர லாகின் போயிருச்சுங்க. ஊட்டுல இன்னும் சொல்லல. காலைல டிபன் டப்பா எடுத்துட்டு வந்து பார்க்குல உக்காந்துக்கறனுங்க, சாயந்திரம் போயர்றேன்."

"அதனாலதான் எழுதலையா?"

"சண்டை போடறதுக்கு ஒரு தெம்பு வேணுமுங்க. சம்பளம் வந்துட்டு இருந்தப்ப, அந்தாளு வழங்கின்னு சொன்னா எனக்கு ரத்தம் கொதிக்கும். இப்ப என்னமோ சொல்லிட்டுப் போகட்டும்னு இருக்குது."

சுமைதாங்கியில் போடட்டுமா, யாராவது வேலை இருந்தால் சொல்வார்கள் என்று கொடி கேட்டாள். போடுங்க, பேரோடயே போடுங்க, ஊட்டுக்காரி அங்கெல்லாம் வரமாட்டா என்றார் அவர்.

கொடி எழுதினாள். நம் தோழர் திருமேனிக்கு வேலைநீக்கம் ஆகிவிட்டது, தெரிந்த இடத்தில் வேலை இருந்தால் சொல்லுங்கள் என்று, ரொம்பச் சுருக்கமாக. உடனே இதயங்கள் வந்தன. சிவப்பு இதயம், நீல இதயம், உடைந்து ஒட்டுப்போட்ட இதயம். "வலிமை தோழர்" என்றார்கள். "இதுவும் கடந்துபோகும்" என்றார்கள். முதலாளித்துவத்தின் இறுதிக் கட்டம் பற்றி ஒருவர் எழுதினார், அவர் தன் கம்பெனியில் இருபது பேருக்கு மேலாளர். பெட்டியிலிருந்து புஸ்ஸென்று காற்று வந்தது. வேலை எங்கே இருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

பிறகு ஒருவர், மிகுந்த வருத்தத்தோடு, ஒரு சிறு திருத்தம் என்றார். வேலைநீக்கம் என்றால் தப்பு செய்தவனைத் தூக்குவது. தோழருக்கு நடந்திருப்பது ஆட்குறைப்பு.

ஜெயசீலன் அதைப் பார்த்தார். பல நாளாகப் பட்டினி கிடந்தவர் முன்னால் இலை போட்டதுபோல் ஆயிற்று. "ஆளை யாரும் குறைக்கவில்லை. ஆள் அப்படியே, அதே எடையில்தான் இருக்கிறார். அவரிடமிருந்து பணிதான் நீங்கியது. ஆகவே பணிநீக்கம்" என்று எழுதினார்.

கோயம்புத்தூரில், வேப்பமரத்தடி பெஞ்சில், டிபன் டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தன்னைப் பற்றி ஊர் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்த திருமேனிக்குள் என்னமோ அசைந்தது. "குறைக்கப்பட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆட்குறைப்பு என்பதே சரி. நீங்கியது என்றால் தானாகப் போனதாகப் பொருள். என் பணி தானாகப் போகவில்லை" என்று எழுதினார்.

அதற்குப் பிறகு யாராலும் பிடித்து நிறுத்த முடியவில்லை. பெட்டி ஒருமுறை குலுங்கி, வாயைப் பிளந்து, அந்தக் கோடையிலேயே அதிகமாகத் தித்தித்த தண்ணீரைக் கொட்டியது. குடங்கள் ஓடிவந்தன. குழாய் போட்டு மாடிப்படி வழியாகக் கீழ்த்தளத்துக்கு இறக்கினார்கள். எஸ்தர் ராணி கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கிழித்தாள். தாய்மார்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். காப்பகத்து வாசலில் அலுமினிய அண்டாக்களில் பிள்ளைகள் உட்கார்ந்து, தண்ணீரைக் கையால் அடித்து அடித்துச் சிரித்தன.

"அந்தத் தம்பி நல்லா இருக்கணும்" என்றாள் எஸ்தர் ராணி, மேலே வந்து, ஒரு டம்ளர் பிடித்து, கொடியிடம் நீட்டி. "குடிச்சுப் பாரு. இளநி மாதிரி இருக்கு."

கொடி வாங்கவில்லை. "அக்கா, அந்த மனுஷன் வேலை போய் பார்க்குல உக்காந்திருக்காரு. தன் வேலை போனதுக்கு எந்த வார்த்தை சரின்னு அவரே சண்டை போட்டுட்டு இருக்காரு."

"பார்க்குல காத்து வரும்" என்றாள் எஸ்தர் ராணி.

"அக்கா!"

"என்ன அக்கா? நீ எதாவது எழுதிக் கெடுத்துடாத. கீழே பிள்ளைங்க குளிக்குது. இன்னைக்கு லீவு போட்டா வரவே வேண்டாம்னு ஒருத்திக்கு அவ ஆபீஸ்ல சொல்லியிருக்கான். அவ வேலை போனா அதுக்கு எந்த வார்த்தைடி போடுவாங்க உன் ஆளுங்க?"

கீழே பிள்ளைகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, மேலே திரையில் பணிநீக்கம், ஆட்குறைப்பு, பணிநீக்கம், ஆட்குறைப்பு என்று ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் தன் அடுப்படியில், கணுக்கால் ஈரத்தில், அவள் நின்றாள். எஸ்தர் ராணி குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனதும், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பார்க்கிறேன் தோழர்" என்று விரல்கள் பழக்கத்தில் எழுதின. அதை அழித்தாள். பிறகு எழுதினாள்:

"நீங்கள் இதற்கு வழங்கி என்கிறீர்கள், சேவையகம் என்கிறீர்கள். இது என் அடுப்படி. இத்தனை வருஷமாக என் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டுதான் நீங்கள் கத்துகிறீர்கள். சாப்பிட்டாயா என்று ஒருத்தர் கேட்டதில்லை. எனக்கு டைபாய்டு வந்து படுத்திருந்தபோது படம் ஏன் மெதுவாகத் திறக்கிறது என்று கேட்டீர்கள். அதற்கும் பார்க்கிறேன் என்று எழுதிய முட்டாள் நான். இன்றைக்கு ஒருத்தருக்கு வேலை வேண்டும் என்று கேட்டேன். இதயத்தை வைத்து அவர் வீட்டில் என்ன சமைப்பார்கள்? உங்களில் பாதிப்பேர் ஆள் எடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஜெயசீலன், உங்கள் குழுவுக்கு ஆளே கிடைக்கவில்லை என்று போன வாரம் நீங்கள்தான் புலம்பினீர்கள். எதிரில் இருக்கிறவர் ஆள் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா? திருமேனி, உங்களையும்தான் சொல்கிறேன். எந்த வார்த்தையாக இருந்தால் என்ன, எழுந்து வீட்டுக்குப் போங்கள். போய் உங்கள் வீட்டுக்காரம்மாவிடம் சொல்லுங்கள். நன்னடத்தைக் குழு என்னை நீக்குவதாக இருந்தால் நீக்கிக்கொள்ளட்டும். சாவி என்னிடம்தான் இருக்கிறது."

அனுப்பினாள். பெட்டி முனகுவதை நிறுத்தியது. பிறகு அதன் பின்பக்கம் மட்டுமல்ல, முன்பக்கம், மூடி, திருகு இருந்த இடங்கள் எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் புறப்பட்டது. அரிசி டின்னைத் தூக்கிக்கொண்டு, அடுப்படியைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, கதவைத் தள்ளிக்கொண்டு படிக்கட்டில் இறங்கியது. மொட்டைமாடித் தொட்டிக்கு அது எப்படி ஏறியது என்று யாரும் கேட்கவில்லை, ஏறியது. கீழே நிலத்தடித் தொட்டி நிறைந்தது, காய்ந்துபோன கிணறு நிறைந்தது, கார்கள் நிற்குமிடத்தில் முழங்கால் அளவு நின்றது. காப்பகத்துப் பிள்ளைகளை மேசைமேல் ஏற்றிவைத்து எஸ்தர் ராணி கர்த்தரைக் கூப்பிட்டாள், பிள்ளைகள் இறங்க அடம்பிடித்தன. எல்லாம் வடிந்தபோது பெட்டி தன் தண்ணீரிலேயே மூழ்கி அணைந்துவிட்டிருந்தது. சுமைதாங்கி என்கிற ஊர் அதோடு போயிற்று.

ஆனால் ஊர் போவதற்கு முன்னால் அந்தப் பதிவு போக வேண்டியவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பார்க்கிலிருந்து திருமேனி எழுந்து, வீட்டுக்குப் போகிற பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது.

"திருமேனியா? நான் ஜெயசீலன் பேசுதேன்."

"எந்த ஜெயசீலனுங்க?"

"எத்தன ஜெயசீலன் வேய் உமக்கு இருக்கான்? வழங்கி ஜெயசீலன்."

திருமேனி பஸ்ஸை விட்டுவிட்டார்.

"சொல்லுங்க."

"நம்பரு கொடிகிட்ட வாங்குனேன். நீரு சொன்னது தப்புதான். அத விடும். எங்க டீம்ல ஆளு வேணும். வாரீரா?"

"என்னையப் பத்தி உங்க மேனேஜருக்கு என்னங்க தெரியும்?"

"எல்லாம் தெரியும். தெனமும் மத்தியானம் சாப்பாட்டுல உம்மளத் திட்டுகதக் கேட்டுக்கேட்டு அவருக்கு மனப்பாடம். இவ்வளவு வெவரமா ஒருத்தன் தப்பாப் பேசணும்னா அவனுக்கு வேலை நல்லாத் தெரிஞ்சிருக்கணும்பாரு அவரு."

திருமேனி டிபன் டப்பாவைக் கை மாற்றிக்கொண்டார். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார், வேறு என்ன கேட்பது என்று தெரியாமல்.

பரவலில் இருந்த மற்ற ஊர்களுக்கு ஓடிப்போய்ச் சேர்ந்த சுமைதாங்கிக்காரர்கள், பெட்டிக்குக் காப்புநகல் எடுத்து வைக்காதது யார் குற்றம் என்று பேசினார்கள். கொடி சொன்னதில் நியாயம் இருக்கலாம், ஆனால் சொன்ன தொனி சரியா என்று பேசினார்கள். தொனிக்கு ஓர் ஆய்வுக்குழு போட்டார்கள். கடைசியில் அவள் தியாகத்தைப் போற்றும் விதமாக ஒரு புதிய ஊர் உண்டாக்குவதென்றும், அதற்குப் பவளக்கொடி என்றே பேர் வைப்பதென்றும் முடிவு செய்து, அதைச் சம்பளமில்லாமல் பராமரிக்கும்படி அவளையே ஏகமனதாகக் கேட்டுக்கொண்டார்கள்.

"முடியாது" என்று எழுதினாள் கொடி.

இங்கே 'முடியாது' பொருந்துமா, 'இயலாது' பொருந்துமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அவள் படிக்கவில்லை, கணக்கை மூடிவிட்டிருந்தாள்.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சங்கத்துக் கூட்டம் நடந்தது. பக்கத்துக் கட்டடத்திலிருந்து, தொட்டியில் பாதி கொடுங்கள் என்று கேட்டு வந்திருந்தார்கள். கொடுக்க முடியாது, மழை வரும்வரை நமக்கே காணாது என்றாள் எஸ்தர் ராணி. அதுவரை எந்தக் கூட்டத்திலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்த கொடி எழுந்தாள்.

"கொடுக்கத்தான் வேணும்."

"நீ உக்காரு கொடி."

"உக்கார மாட்டேன்க்கா. என் வீட்டுலேர்ந்து வந்த தண்ணி."

"உன் வீட்டுலேர்ந்து வந்தா? துடைச்சது யாரு? என் காப்பகத்துல பாய் எல்லாம் போச்சு!"

"பாய் வாங்கித் தர்றேன். அங்கயும் பிள்ளைங்க இருக்கு."

இரண்டு பேரும் எதிரெதிரே நின்று, கை நீட்டி, மூச்சு வாங்க, பழைய விஷயம் புதிய விஷயம் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டு, பார்க்கில் காற்று வரும் என்று சொன்னதிலிருந்து பைக்கை வழியில் நிறுத்துவதுவரை எல்லாம் பேசினார்கள். எங்கிருந்தும் ஒரு சொட்டும் வரவில்லை. பக்கத்துக் கட்டடத்துக்காரர்கள் யார் பக்கம் தலையாட்டுவது என்று தெரியாமல் நின்றார்கள். வெயில் ஏறியது. இருவருக்கும் தொண்டை வறண்டு, குரல் கம்மி, ஒரு கட்டத்தில் வாய் மட்டும் அசைந்தது.

யாரோ தொட்டியிலிருந்து ஒரு சொம்பு மொண்டு கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். எஸ்தர் ராணி அதை எடுத்தாள், வாய்வரை கொண்டுபோனாள், கொடியின் முகத்தைப் பார்த்தாள், முதலில் அவளிடம் நீட்டினாள். கொடி அண்ணாந்து பாதியைக் குடித்தாள். மீதியை எஸ்தர் ராணி குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.